ரிசப்ஷன் மீன்தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்கியது

1. நீல மீன்

நான் ரிசப்ஷனுக்குள் நுழைந்தபோது எத்திராஜ் மீன்தொட்டிக்கு முன்னால் வலையோடு நின்றிருந்தார். வலைக்குள் நீல நிற மீன் ஒன்று அசையாமல் கிடந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை போலிருக்கிறது. தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சின்னே தெர்ல மேடம். நான் வரசொல்லவே இது மெதந்துகினு இருந்துச்சி. மத்ததுங்களப் பாருங்க, எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க."

பார்த்தேன். சனிக்கிழமை கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் இப்போது கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. மீன்களெல்லாம் மேல்மட்டத்தில் கூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

இது நடந்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் சீல் செய்கிற ஒரு கம்பெனியில். பர்ச்சேஸ் பிரிவில் பல வருடம் இருந்து அங்கேதான் ஓய்வு பெற்றேன். மோட்டார், பேரிங், கார்பன் பிளாக், கேன்டீன் அரிசி என்று எதையெதையோ வாங்கியிருக்கிறேன். வாங்கியதில் எது உங்களை அதிகம் பயமுறுத்தியது என்று யாராவது கேட்டால், இந்த மீன்தொட்டிக்கு வாங்கிய சாமானைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதனால்தான் முழுதாக எழுதிவைக்கிறேன்.

அது சாதாரண மீன்தொட்டி இல்லை. கடல் தொட்டி. எங்கள் ஆலைக்கு முன்பு தலைவராக இருந்த வெளிநாட்டுக்காரர் தன் ஆசைக்காக வைத்தது. நாலடி நீளக் கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர், கரடுமுரடான கற்கள், கல்லின் மேல் விரல் விரலாக அசையும் மென்பவளங்கள், இரண்டு ஆரஞ்சு நிற கிளவுன் மீன், வேறு சில மீன்கள், மீன்களின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும் ஒரு சிவப்பு இறால். அவர் ஊருக்குத் திரும்பும்போது தொட்டியை விட்டுவிட்டுப் போனார். சேர்மனுக்கு அது பிடித்துப்போய், கம்பெனி காலண்டரில் அதன் படத்தையே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அதை எடுக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் போடவும் யாருக்கும் தோன்றவில்லை.

எத்திராஜ்தான் பார்த்துக்கொண்டார். அவர் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், காண்ட்ராக்ட் ஆள். அந்த வெளிநாட்டுக்காரர் கையாலும் சைகையாலும் காட்டிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு தீனி போட்டார், கண்ணாடி துடைத்தார், உப்புத் தண்ணீர் கலந்து மாற்றினார். இதற்கென்று அவருக்குத் தனியாக யாரும் எதுவும் தந்ததில்லை.

புதுத் தலைவர் ராஜசேகர் சார் உள்ளே வந்தார். முதலில் மீனைப் பார்த்தார். பிறகு தொட்டிக்கு அருகில் தரையில் இருந்த பினாயில் பாட்டிலைப் பார்த்தார்.

"யோவ், இது ஏன்யா இங்க இருக்கு? தொட்டியில என்ன ஊத்தின?"

"தர தொடைக்கறதுக்கு எட்துகினு வந்தது சார். தொட்டிகிட்ட கொண்டாற மாட்டேன் சார். அடியில ஓட்ற மெஷின்தான் கொஞ்ச நாளா கொரகொரன்னு சத்தம் போட்டுக்கினு இருந்துச்சி. அட்மின்ல சொன்னேன். இன்னிக்குப் பாத்தா சத்தமே இல்ல."

"அட்மின்ல யார்கிட்ட சொன்ன?"

பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்குப் பிரச்சினை, சொல்லாவிட்டால் தனக்கு. எத்திராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜசேகர் சார் என் பக்கம் திரும்பினார். "வசந்தாம்மா, இதுக்கு என்ன வேணுமோ பாருங்க. ஆனா பழையபடி வெளிநாட்டுச் சாமான்லாம் வேணாம். விலை கம்மியா ஒண்ணு பாருங்க. காண்ட்ராக்டர்கிட்டயும் பேசணும். வேற ஆள் போடச் சொல்லலாம்."

ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டார். மெஷினும் மாற வேண்டும், ஆளும் மாற வேண்டும். எத்திராஜின் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. அவளுடைய வைத்தியமெல்லாம் இந்த வேலையோடு வந்த இன்சூரன்ஸ் அட்டையில்தான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"மொதல்ல மெஷினைப் பாத்துடலாம் சார். ஆள் விஷயம் அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

2. நுரை எடுக்கிற மெஷின்

தொட்டிக்குக் கீழே இருந்த மரக் கதவைத் திறந்து காட்டினார் எத்திராஜ். உள்ளே இன்னொரு சிறிய கண்ணாடித் தொட்டி. அதற்குச் சம்ப் என்று பெயர். மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக அங்கே இறங்கி, சுத்தமாகி, மறுபடி பம்பில் மேலே போகும். அந்தச் சம்புக்குள் குடுவைபோல் ஒன்று நின்றது. கழுத்து குறுகி, மேலே மூடிபோட்ட கப். அதுதான் ஸ்கிம்மர். அதன் மோட்டார் எரிந்துபோயிருந்தது.

கொளத்தூரில் கடல் மீன் கடை வைத்திருக்கிற நசீர் பாயின் நம்பரை எங்கெங்கோ விசாரித்து வாங்கிப் போன் செய்தேன். முதலில் அவர் விலையைப் பேசவே இல்லை.

"மேடம், மீனுங்க மேல வந்து நிக்குதா? அப்போ மொதல்ல ஒரு ஏர் பம்ப் போடுங்க. எது கெடைக்குதோ அது. தீனி போடாதீங்க. முடிஞ்சா கால்வாசி தண்ணி மாத்துங்க. மெஷின் நாளைக்கு வாங்கலாம், மூச்சு இன்னிக்கு வேணும்."

எத்திராஜ் பஜாருக்கு ஓடிப் போய் ஒரு ஏர் பம்ப் வாங்கிவந்தார். எங்கள் ஆலையின் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கலந்தோம். மதியம் தாண்டியபோது மீன்கள் மேல்மட்டத்தை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கின. எத்திராஜ் காலையில் வாங்கிவைத்திருந்த நாஷ்டாப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்தார்.

நசீர் பாய் போனில் சொல்லித்தான் ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தது. மீனின் கழிவும் மீந்த தீனியும் தண்ணீரில் கரைந்து புரதமாகக் கிடக்கும். விட்டுவைத்தால் அழுகி நஞ்சாகும். ஸ்கிம்மரின் பம்ப் வெளியிலிருந்து காற்றை இழுத்து, பொடிப் பொடிக் குமிழாக்கித் தண்ணீரோடு கலக்கிறது. அழுக்கு அந்தக் குமிழில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, கப்பில் விழுந்து, பழுப்பு நிறத் தண்ணீராகத் தேங்கும். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். நல்ல தண்ணீர் கீழே போய்விடும். குமிழ் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு அழுக்கு வரும்.

காற்றை இழுக்கிறது என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன், எழுதியும் வைத்துக்கொண்டேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

3. கொளத்தூர்

மறுநாள் ஆபீஸ் வண்டியில் போனேன். நசீர் பாய் கடையில் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏதோ ஒன்று நுரைத்துக்கொண்டிருந்தது.

பழைய மாடலின் விலையை முதலில் கேட்டேன். என் மாதச் சம்பளத்தை விட அதிகம். அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

"கம்மியா வேணும்னா இது இருக்கு" என்று ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தார். தொட்டியின் கண்ணாடி ஓரத்தில் மாட்டுகிற வகை. எங்கள் தொட்டித் தண்ணீரை விட ஒன்றரை மடங்குக்குத் தாங்கும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலையும் கைக்கு அடக்கம். எனக்கு மனசு லேசானது.

"அப்போ இதுவே போதுமே பாய்?"

"பெட்டியில போட்டிருக்கறத நம்பாதீங்க மேடம். அது மீனே இல்லாத மாதிரி தொட்டிக்குக் கணக்கு. உங்களுது மாதிரி மீனும் பவளமும் இருந்தா, போட்டிருக்கறதுல பாதின்னு வச்சிக்கோங்க. இன்னொண்ணு, இதோட மோட்டார் போச்சுன்னா மொத்தமா தூக்கிப் போட வேண்டியதுதான். இதுக்கு உள்ள சுத்தற விசிறி, இம்பெல்லர், அதை நான் ஸ்டாக் வைக்கறதே இல்ல."

விற்கிற கடைக்காரரே தன் சாமானைக் குறை சொன்னால் பர்ச்சேஸ்காரிக்குச் சந்தேகம் வரும். பெரியதைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அதனால் அடுத்ததை அவர் எடுத்துக் காட்டியபோது கொஞ்சம் கடுமையாகவே கேள்வி கேட்டேன்.

அது நடுத்தர விலை. சம்புக்குள் நிற்கிற வகை. அக்ரிலிக் உடம்பு. பம்பின் இம்பெல்லரும் சீலும் கடைச் சுவரிலேயே பாக்கெட்டாகத் தொங்கின. வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓடவேண்டிய சாமான் என்பதால் கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டேன். பழையதை விடக் குறைவுதான். சத்தம் எப்படி என்று கேட்டேன். ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் பக்கத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். பேசினால் சத்தம் கேட்காது, பேசாமல் இருந்தால் கேட்கும். ரிசப்ஷனில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கப்பின் ஓ-ரிங்கை, அந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி விரலில் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் கம்பெனிக்காரிக்கு அது ஒன்றாவது தெரியும். நல்ல ரப்பர்தான்.

"உங்க சம்ப்ல தண்ணி எவ்ளோ ஒசரம் நிக்குது?" என்று கேட்டார் திரும்பிவந்த நசீர் பாய்.

அதை நான் அளந்துவரவில்லை. எத்திராஜுக்குப் போன் செய்தேன். ஸ்டோரிலிருந்து ஸ்கேல் வாங்கி அளந்து சொன்னார்.

"மேடம், எட்டு இஞ்ச் கீது. அப்புறம், கதவுக்குள்ள மேல கம்மிதான். கப்பைத் தூக்கி எட்க்கணும் இல்ல, அதுக்கு எடம் வேணும். அதையும் அளந்துட்டேன்."

அவர் சொன்ன இரண்டாவது அளவு என் தலையில் இல்லவே இல்லை. அந்த அளவை வைத்துப் பார்த்தால் இந்த மெஷின் உள்ளே நிற்கும், கப்பும் வெளியே வரும். நசீர் பாய் மூன்றுக்கும் தனித்தனிக் காகிதத்தில் கோட்டேஷன் எழுதிக்கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் நெனப்புல வச்சிக்கோங்க மேடம். புதுசு போட்டவுடனே நுரை வராது. உள்ள இருக்கற மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போவணும். கொஞ்ச நாள் சும்மாதான் ஓடும். பயந்து போய்த் திருகித் திருகி அட்ஜஸ்ட் பண்ணாதீங்க."

4. கையெழுத்து

ராஜசேகர் சார் கோட்டேஷன்களை அருகருகே வைத்துப் பார்த்தார். விரல் நேராகக் கீழ் விலையில் போய் நின்றது.

"இதுதானேம்மா எல்ஒன், இருக்கறதுலயே கம்மி விலை? இதுவே நம்ம தொட்டிக்கு மேல தாங்கும்னு போட்டிருக்கே."

நசீர் பாய் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்கும் மேல ஒருத்தர் இருக்காரும்மா. மீன் செத்ததுக்கே சேர்மன் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துடுச்சு. யார் சொன்னாங்கன்னே தெரியல. நாளைக்கு ஆடிட்ல மீன்தொட்டிக்கு ஏன் எல்ஒன் எடுக்கலன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அதைக் கேட்டதும் என் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

"நடுவுல இருக்கறதை நான் சிபாரிசு பண்றேன்னு என் பேர்ல எழுதித் தர்றேன் சார்."

"சரியா வரலன்னா?"

"என்னைக் கேளுங்க."

இவ்வளவு துணிச்சலாகச் சொன்னேனே தவிர, அன்று ஆரம்பாக்கத்தில் என் வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில் கோட்டேஷன் நகலையே திரும்பத் திரும்பப் படித்தேன். கோடிக்கணக்கில் ஆர்டர் போட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படிச் செய்ததில்லை. மோட்டார் தப்பாக வந்தால் திருப்பி அனுப்பலாம். இங்கே தப்பானால் உயிர் போகும். அதோடு எத்திராஜின் வேலையும் போகும்.

5. காலிக் கப்

மெஷின் வந்தது. எத்திராஜும் நானும் சேர்ந்து மாட்டினோம். சுவிட்ச் போட்டதும் குடுவைக்குள் பால் மாதிரி வெள்ளையாகக் குமிழ்கள் எழும்பின. பழையதை விடப் பலமாக இழுத்தது. காற்றுக் குழாயின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரிந்தது.

"இன்னா இஸ்க்குது பாருங்க மேடம்!" என்றார் எத்திராஜ். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் கப்பில் எதுவும் விழவில்லை. குமிழ் கழுத்து வரை ஏறும், உடையும், இறங்கும். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

ரிசப்ஷனைக் கடக்கிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "என்ன மேடம், மெஷின் வேலை செய்யுதா?" என்று கேட்டார்கள். ராஜசேகர் சார் எதுவும் கேட்காமல் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாடிக்குப் போனார். கேள்வி கேட்பதை விட அது மோசமாக இருந்தது. வால்வைக் கொஞ்சம் திருகிப் பார்த்தால் என்ன என்று கை துடித்தது. எத்திராஜ்தான் தடுத்தார்.

"பாய் தொட வாணாம்னு சொன்னார் இல்ல மேடம். உடுங்க. தண்ணி தெளிஞ்சிகினு வருது, பாக்கறீங்க இல்ல?"

உண்மைதான். தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது. அந்த வார இறுதியில் கழுத்தின் உட்புறம் லேசான பழுப்புக் கறை படிந்தது. எத்திராஜ் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். வெறும் கறைதான். ஆனால் எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. சனிக்கிழமை நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

6. இறால்

திங்கட்கிழமை காலை ரிசப்ஷனில் கூட்டம். சம்புக் கதவு திறந்து கிடந்தது. ஸ்கிம்மரின் கப் நிரம்பி வழிந்து, தரையெல்லாம் உப்புத் தண்ணீர். பவளங்கள் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டை கட்டையாக நின்றன. அடியில், கல்லோரத்தில், சிவப்பு இறால் மல்லாந்து கிடந்தது. கிளவுன் மீன்கள் இரண்டும் நிலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

எத்திராஜைக் காணவில்லை.

"அந்த ஆளை அனுப்பிட்டேன்" என்றார் ராஜசேகர் சார். "ரெண்டாவது தடவை இது. தண்ணி இப்படி நுரைச்சு வழியுதுன்னா உள்ள சோப்போ பினாயிலோ போயிருக்கு. வேற என்னம்மா? இல்ல, நீங்க வாங்கினது சரியில்லையா? ரெண்டுல ஒண்ணுதானே?"

மெஷின் சரியில்லை என்று நான் சொன்னால் எத்திராஜ் தப்புவார், நான் மாட்டுவேன். மெஷின் சரி என்றால் எத்திராஜ் மாட்டுவார். எது உண்மை என்று எனக்கே தெரியாது. அதுதான் பெரிய வேதனை.

வாசல் பக்கம் போய் நசீர் பாய்க்குப் போன் செய்தேன். அவர் அவசரப்படாமல் கேட்டார்.

"மேடம், மொதல்ல எது செத்துச்சு? மீனா, இறாலா?"

"இறால். மீனெல்லாம் உயிரோட இருக்கு, ஆனா தடுமாறுது."

"மெஷின் ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"ஓடுது. வழிஞ்சு ஊத்துது. பினாயில் போயிருக்கும்னு சார் சொல்றார்."

பிறகு, "அந்த ரூம்ல கொசு மருந்து, கரப்பான் மருந்து, எதுனா அடிச்சாங்களா?" என்றார்.

"தொட்டிக்குள்ளயா?"

"தொட்டியில இல்ல மேடம். ரூம்ல. மெஷின் காத்த எங்கேர்ந்து இழுக்குது? ரூம்லேர்ந்துதானே? ரூம்ல இருக்கற மருந்தை அதுவே உறிஞ்சி, பொடிப் பொடியா பண்ணித் தண்ணில கலந்துடும். நுரை வழியறதும் அதாலதான். பூச்சிக்கு அடிக்கற மருந்து இறாலத்தான் மொதல்ல தூக்கும். பினாயிலா இருந்தா மீனையும் உட்டு வச்சிருக்காது."

எத்திராஜ் பெருமையாகக் காட்டினாரே, அந்த உறிஞ்சல் ஞாபகம் வந்தது. அப்படி மருந்து அடித்திருந்தால், நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மெஷின்தான் ஞாயிறு முழுவதும் ஓடி, அறையில் இருந்த நஞ்சை எல்லாம் தண்ணீருக்குள் இறக்கியிருக்கும். பழையதாக இருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது. நன்றாக வேலை செய்கிற மெஷினாகப் போனதுதான் ஆபத்தாகிவிட்டது.

"இப்போ என்ன பண்றது பாய்?"

"காத்துக் குழாயில நீளமா ஒரு டியூப் மாட்டி ஜன்னலுக்கு வெளிய விடுங்க. மருந்தை உறிஞ்சி எடுக்கற கார்பன் பை ஒண்ணு சம்ப்ல போடுங்க. பாதித் தண்ணி மாத்துங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மாத்துங்க. கார்பனை இப்பவே வண்டியில அனுப்பறேன்."

7. மருந்து அடிக்கச் சொன்னவர்

நான் மாடிக்குப் போனேன். ராஜசேகர் சார் காண்ட்ராக்டருக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், சனிக்கிழமை நான் போனப்புறம் ரிசப்ஷன்ல கொசு மருந்து அடிச்சாங்களா?"

கை கீபோர்டில் அப்படியே நின்றது. மழைக்குப் பிறகு ஆலையில் நாலைந்து பேருக்கு டெங்கு வந்திருந்தது. எல்லாக் கட்டடத்துக்கும் புகை அடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டவர் அவர்தான்.

"அடிச்சாங்க" என்றார். "நான்தான் சொன்னேன். நானே இருந்தேன். கர்ச்சீப்பை மூக்குல வச்சுக்கிட்டு நின்னேன்." கொஞ்சம் விட்டு, "எல்லா ஜன்னலையும் மூடிட்டு அடிக்கச் சொன்னதும் நான்தான்" என்றார்.

நசீர் பாய் சொன்னதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த மெயிலை மூடினார். ஆனால் காலையில் அவர் போனில் சொன்னதை வைத்தே காண்ட்ராக்டர் அதற்குள் எத்திராஜின் கேட் பாஸை ரத்து செய்திருந்தார்.

அந்த வாரம் நானும் ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணும் தொட்டியைப் பார்த்துக்கொண்டோம். மெயின்டனன்ஸ் ஆட்கள் ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டு டியூபை வெளியே விட்டார்கள். கார்பன் போட்டோம், தண்ணீர் மாற்றினோம். ஒவ்வொரு காலையும் உள்ளே நுழையும்போது எது மல்லாந்து கிடக்குமோ என்று முதலில் தொட்டியின் அடியைத்தான் பார்ப்பேன். ஒரு மீன் போனது. கிளவுன் இரண்டும் தப்பின. முதலில் ஒரு பவளம் விரல் விரித்தது, பிறகு இன்னொன்று. கப்பில் ஒருநாள் கட்டைவிரல் உயரத்துக்குக் கருப்பாகத் தேங்கியிருந்தது. அதைக் கொட்ட வேண்டியவர் அங்கே இல்லை.

எத்திராஜ் வீடு ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போயிருந்தவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். தோளெல்லாம் உமி. அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள்.

நடந்ததையும், வேலைக்குத் திரும்ப வரலாம் என்று சார் சொன்னதையும் சொன்னேன். மருந்துதான் காரணம் என்றதும் அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"கிளவுனு ரெண்டும் கீதா மேடம்?"

"இருக்கு."

"அப்பாடா." தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வர்றேன் மேடம். வராம இன்னா, இவளுக்கு ஆஸ்பத்திரி கீது. ஆனா என்ன வெளிய அனுப்ச்ச அன்னிக்கு ஷிப்ட் உடற நேரம். கேட்ல அத்தினி பேரு நிக்கறாங்க, என் பைய வாங்கிக் கீழ கொட்டிப் பாத்தாங்க. பினாயில் எட்துகினு போறேனான்னு. டிபன் பாக்ஸைக் கூட தொறந்து மோந்து பாத்தாங்க. மருந்து தப்புன்னு சாருக்குத் தெரிஞ்சிடுச்சி, உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி. அந்த கேட்ல நின்னவனுக்கு யாரு சொல்றது?"

மறுநாள் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே ராஜசேகர் சாரிடம் சொன்னேன். கூட்டவோ குறைக்கவோ இல்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். "சரிம்மா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாததால், விஷயம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தேன்.

எத்திராஜ் திரும்பி வருகிற அன்று நானும் அதே ரயிலில் வந்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். கேட்டை நெருங்கும்போது அவர் நடை தளர்ந்தது. ஷிப்ட் மாறுகிற நேரம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாகக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில், ராஜசேகர் சார் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவரைக் கேட்டில் யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே பாதிப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்திராஜ், வாங்க" என்றார். எல்லாருக்கும் கேட்கிற குரல். "அன்னிக்கு ரிசப்ஷன்ல மருந்து அடிக்கச் சொன்னது நான். அதாலதான் தொட்டி கெட்டுது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

எத்திராஜுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தில் பையைத் திறந்து செக்யூரிட்டியிடம் நீட்டினார். செக்யூரிட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "போங்கண்ணே" என்றார்.

உள்ளே போய் அவர் முதலில் செய்தது கப்பைக் கழற்றிக் கொட்டியதுதான். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே போகிற டியூபைத் தொட்டுப் பார்த்தார். அதன் வாயில் வலை கட்டச் சொன்னார், பூச்சி நுழையுமாம். அது எனக்குத் தோன்றவில்லை.

பர்ச்சேஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். விலை கம்மியாக வாங்குவது தப்பில்லை, நானும் நடுத்தர விலையில்தான் வாங்கினேன். அது பல வருடம் ஓடியது. ஒரு தடவை இம்பெல்லர் மட்டும் மாற்றினோம். பெட்டியில் போட்டிருக்கிற அளவைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பேர் கிடைக்குமா என்று கேளுங்கள், வைக்கப்போகிற இடத்தை அளந்துகொண்டு போங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: அந்தச் சாமான் எதை உள்ளே இழுக்கும், அது எங்கிருந்து வரும்? அதைக் கேட்காமல் சாமானையும் குறை சொல்லாதீர்கள், சாமானைத் துடைக்கிற ஆளையும் கேட்டுக்கு வெளியே அனுப்பாதீர்கள். சாமானை மறுபடி வாங்குவது சுலபம். ஆளைத் திருப்பி உள்ளே அழைத்துவர, அன்று அத்தனை பேருக்கு முன்னால் ஒருவர் கேட்டில் வந்து நிற்க வேண்டியிருந்தது.